ஜாதிக்காய்: சோற்றுக்கு ஒரு சிட்டிகை, குழந்தையின் நாக்கில் வேண்டாம்



நம் வீடுகளில் ஜாதிக்காய் மூன்று வேலைக்குப் பயன்படுகிறது. பிரியாணிக்கும் குருமாவுக்கும் வாசனைக்காகப் போடுகிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் உரைகல்லில் உரசிக் குழந்தையின் நாக்கில் தடவுகிறோம். தூக்கம் வராதவர்கள் பாலில் கலந்து குடிக்கிறார்கள். காய் ஒன்றுதான். ஆனால் முதல் வேலையில் அது உணவு. மற்ற இரண்டிலும் மருந்து. மருந்து என்று வந்துவிட்டால் அளவும் ஆளும் முக்கியம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பலர் இதைக் கையாளுகிறார்கள். "ஜாதிக்காய் போதை தருமாமே, அது ஹலாலா?" என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. எனவே சமையல், உடல்நலம், மார்க்கச் சட்டம் ஆகிய மூன்று பக்கமும் இந்த இதழில் பார்ப்போம்.

ஜாதிக்காய் என்பது எது?

மிரிஸ்டிகா ஃப்ராக்ரன்ஸ் என்பது இந்த மரத்தின் அறிவியல் பெயர். பழம் பழுத்ததும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே கறுப்பு ஓட்டின் மேல் சிவப்பு வலை போல ஒரு உறை சுற்றியிருக்கும். அந்தச் சிவப்பு உறையை உரித்துக் காயவைத்தால் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பே ஜாதிக்காய். உருது பேசும் வீடுகளில் பருப்பை ஜாய்ஃபல் என்றும் பத்திரியை ஜாவித்ரி என்றும் சொல்வார்கள். பழத்தின் வெளிச்சதையையும் கேரளத்தில் வீணாக்குவதில்லை. ஊறுகாயும் இனிப்பும் செய்கிறார்கள்.

இந்த மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். பல நூற்றாண்டுகள் உலகத்துக்கு வேறெங்கிருந்தும் ஜாதிக்காய் கிடைக்கவில்லை. அரபு, குஜராத்தி, ஜாவா வணிகர்களின் கைவழியாக அது நம் கரைக்கும் மேற்கு நாடுகளுக்கும் போனது. 1621-இல் டச்சுக் கம்பெனி பண்டா தீவுகளைப் பிடித்தபோது அங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அல்லது விரட்டப்பட்டார்கள், அடிமைகளாக்கப்பட்டார்கள். ஒரு வாசனைப் பொருளின் ஏகபோகத்துக்காக நடந்த கொடுமை அது.

தமிழர்களுக்கும் இது புதிய பொருள் அல்ல. வெற்றிலையோடு சேர்க்கும் பஞ்சவாசத்தில் ஏலம், இலவங்கம், கற்பூரம், தக்கோலம் ஆகியவற்றோடு ஜாதிக்காயும் ஒன்று. இன்று இந்தியாவில் கேரளத்தில்தான் அதிகம் விளைகிறது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்க்கிறார்கள்.

சமையலில் எவ்வளவு?

ஜாதிக்காயின் வாசனை அதன் எண்ணெயில் இருக்கிறது. பொடித்து வைத்தால் அந்த எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும். அதனால் முழுக்காயாக வாங்கி, வேண்டியபோது துருவியில் சிறிது துருவிக்கொள்வதே நல்லது. கடைப்பொடி நாளடைவில் மணமிழந்து கசப்பு மட்டும் மிஞ்சி நிற்கும். அப்போது வாசனை போதவில்லை என்று கூடுதலாகப் போடுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறி போட்டுச் செய்யும் பிரியாணிக்குக் கால் பங்கு ஜாதிக்காய்க்கு மேல் தேவையே இல்லை. ஜாதிபத்திரி ஒன்றிரண்டு இதழ் போதும். அதற்கு மேல் போனால் சோற்றில் மருந்து வாடை வரும் என்பது நம் பண்டாரிகளுக்குத் தெரியும். ஒரு காய் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் கால் பங்கு சுமார் ஒன்றேகால் கிராம். அதை எட்டு, பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள். ஒருவர் வயிற்றுக்குள் போவது ஒரு கிராமில் ஏழில், எட்டில் ஒரு பங்கு. இது எந்த ஆபத்தும் இல்லாத அளவு.

வலீமா விருந்துக்கு ஒரே தேக்சாவில் பத்து, இருபது கிலோ போடும்போதும் கணக்கு இதுதான். கிலோவுக்குக் கால் காய் என்பது மேல் எல்லை. அதில் பாதி போட்டாலே மணம் நிற்கும். மட்டன் குருமாவுக்கு ஜாதிக்காயைவிட ஜாதிபத்திரி பொருத்தம். அதன் மணம் மென்மையானது. பெருநாளுக்குச் செய்யும் சேமியா, ஷீர் குர்மா, பால் பாயசம், கேரட் அல்வா போன்றவற்றுக்கு அடுப்பை அணைத்த பிறகு இரண்டு, மூன்று தடவை துருவிவிட்டால் போதும். கொதிக்கும்போது போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். நோன்புக் கஞ்சிக்குப் பட்டை, கிராம்பு, ஏலக்காயே போதுமானது. பெரியவர், சிறியவர், நோயாளி என்று எல்லோரும் அருந்தும் கஞ்சியில் ஜாதிக்காய் சேர்க்காமல் இருப்பதே மேல்.

நன்மை என்று சொல்வதில் எது உண்மை?

சித்த மருத்துவத்திலும் யுனானியிலும் ஜாதிக்காய்க்கு நெடுநாள் இடம் உண்டு. யுனானி நூல்களில் இதன் பெயர் ஜௌஸ் புவ்வா. இப்னு சீனா (ரஹ்) அவர்களின் அல்கானூன் நூலிலும் இது இடம்பெறுகிறது. செரிமானம், வாயுத்தொல்லை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மரபு வைத்தியர்கள் இதைச் சேர்க்கிறார்கள்.

ஆய்வுக்கூடங்களில் ஜாதிக்காய் எண்ணெய் சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும், வீக்கத்தைக் குறைக்கும் தன்மை கொண்டிருப்பதும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் சோதனைக் குழாயிலும் எலியிலும் கண்டது வேறு, மனிதனுக்கு இன்ன நோய் இதனால் குணமாகும் என்று நிறுவுவது வேறு. மனிதர்களிடம் செய்த நல்ல ஆய்வுகள் மிகக் குறைவு. ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆண்மைக் குறைவு ஆகியவற்றை ஜாதிக்காய் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சாப்பாட்டில் சேர்க்கும் சிறிய அளவால் கனமான உணவு கொஞ்சம் எளிதாகச் செரிக்கலாம். மணத்தால் பசியும் எடுக்கும். சாதாரண மனிதர் எதிர்பார்க்க வேண்டிய நன்மை இவ்வளவுதான். அதற்கு மேல் மருந்தாக வேண்டுமென்றால் அரசு பதிவு பெற்ற சித்த, யுனானி மருத்துவரிடம் போக வேண்டும். அவர்கள் சுத்தி செய்து, மற்ற மருந்துகளோடு அளந்து தருவார்கள். தெருவில் விற்கும் லேகியத்திலும் மாஜூனிலும் எவ்வளவு ஜாதிக்காய் இருக்கிறது என்பதை விற்பவரே அறியமாட்டார்.

அளவு மீறினால் என்ன ஆகும்?

ஜாதிக்காய் எண்ணெயில் மிரிஸ்டிசின், எலமிசின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அதிக அளவில் உடம்புக்குள் போனால் இவை மூளையையும் நரம்பையும் தாக்கும். பெரியவர் ஒருவருக்குச் சுமார் 5 கிராம் உள்ளே போனாலே விஷ அறிகுறிகள் தோன்றியிருக்கின்றன. அதாவது ஒரே ஒரு முழுக்காய். பொடியாக அளந்தால் இரண்டு டீஸ்பூனுக்குச் சற்று மேல். சிலருக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே தொந்தரவு வரலாம்.

அறிகுறிகள் இவை: குமட்டல், வாந்தி, வாய் வறண்டுபோதல், நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், முகம் சிவத்தல், பதற்றம், இல்லாததைக் காண்பது, பிதற்றல், சிறுநீர் பிரியாமை, பிறகு மயக்கம் போன்ற தூக்கம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணியும். சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். உயிரிழப்பு மிக அரிது. ஆனாலும் இரண்டு ஜாதிக்காயைத் தின்ற எட்டு வயதுச் சிறுவன் நினைவிழந்து இறந்ததை 1908-இலேயே மருத்துவ ஏடு பதிவு செய்திருக்கிறது. சிறுவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இது இருக்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு செய்தியே போதும்.

இதில் இன்னொரு ஆபத்து உண்டு. ஜாதிக்காயின் வேலை உடனே தெரியாது. மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே தெரியும். "ஒரு ஸ்பூன் குடித்தும் தூக்கம் வரவில்லையே" என்று இன்னொரு ஸ்பூன் குடிப்பவர், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது தவித்துப் போவார். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்க முயலும் நமது விசைத்தறி, மில் தொழிலாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். காலையில் குடித்ததன் மந்தம் மாலையிலும் இருக்கும். அந்த நிலையில் தறியில் நிற்பதும், வண்டி எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடப்பதும் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போதைக்காக ஜாதிக்காய் தின்னும் பழக்கம் புதிதல்ல. மால்கம் எக்ஸ் (ரஹ்) அவர்கள் இஸ்லாத்துக்கு வருமுன் அமெரிக்கச் சிறையில் இருந்தபோது ஜாதிக்காயைப் போதைக்காகப் பயன்படுத்தியதைத் தம் சுயசரிதையில் தாமே சொல்லியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசி வீடியோக்களில் இதை ஒரு சவாலாகவே பரப்பினார்கள். வீட்டில் ஜாதிக்காய்ப் பொடி காரணமில்லாமல் குறைந்தால் பெற்றோர் கவனிக்க வேண்டும். கோபப்படாமல் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

கைக்குழந்தைக்கு உரைமருந்து

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறந்துவிடாதீர்கள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைத் தாய்ப்பாலிலோ தேனிலோ உரசிக் குழந்தைக்குக் கொடுப்பது நம் ஊரில் எல்லாச் சமூகத்தாரிடமும் உள்ள வழக்கம். நன்னிமார்கள் அன்போடுதான் செய்கிறார்கள். குழந்தை அழாமல் தூங்குகிறது, வயிறு உப்பவில்லை என்று திருப்தியும் அடைகிறார்கள். ஆனால் சில உண்மைகளை அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழந்தை தூங்குவது மருந்தின் குணத்தால் என்று நினைக்கிறோம். அது மயக்கமாகவும் இருக்கலாம். மூன்று, நான்கு கிலோ எடையுள்ள உடம்புக்குப் பெரியவரின் சிட்டிகையே பெரிய அளவு. உரைகல்லில் எத்தனை சுற்று உரசினோம் என்பதை எவரும் அளக்க முடியாது. இன்றைக்கு மூன்று சுற்று, நாளைக்கு அழுகை அதிகம் என்று ஆறு சுற்று என ஆகிவிடும். குழந்தையின் கல்லீரல் இந்தப் பொருள்களைக் கழிக்கும் வலிமையை இன்னும் பெறவில்லை. மந்தமான குழந்தை சரியாகப் பால் குடிக்காது. குழைத்த மருந்து மூச்சுக்குழலுக்குள் போகவும் கூடும். காய், கல், விரல் ஆகிய மூன்றின் வழியாகவும் கிருமி சேரும். ஒரு வயதுக்கு முன் தேனும் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கும் ஒருவகைக் கிருமி கைக்குழந்தைகளின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் அரசு மருத்துவமனைகளிலும் இதையே சொல்கிறார்கள். பாலூட்டுவதைப் பற்றிக் குர்ஆனே பேசுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அழும் குழந்தைக்குப் பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்து, வயிற்றை மெல்லத் தடவிக்கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காத அழுகைக்குக் காரணம் தெரிய டாக்டரிடம்தான் போக வேண்டும்.

சிலர் தஹ்னீக் சுன்னத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். தஹ்னீக் என்பது பேரீச்சம்பழத்தை மிருதுவாக்கி மிகச் சிறிய அளவில் வாயின் மேலண்ணத்தில் தடவுவது. அதில் ஜாதிக்காயும் இல்லை, வசம்பும் இல்லை. கையை நன்றாகக் கழுவிச் செய்யுங்கள். குறைமாதக் குழந்தை, நோயுற்ற குழந்தை என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஜாதிக்காய் உரசி நிறுத்த முயல்வதும் ஆபத்தே. போக்கு நின்றதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது உடம்பில் நீர் வற்றிவிடும். குழந்தையின் உயிருக்கு ஆபத்து அந்த நீரிழப்பில்தான் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதன் மேல் எழுதியுள்ள அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பிறகும் சேர்த்து மொத்தம் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம் இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கும்.

ஏற்கெனவே உரைமருந்து கொடுத்துவிட்டு, குழந்தை எழுப்பியும் எழாமல் இருந்தால், பால் உறிஞ்சாவிட்டால், மூச்சு விடத் திணறினால், வலிப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். என்ன கொடுத்தோம் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

வேறு யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள் சாப்பாட்டில் சேரும் சிட்டிகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மருந்தாகப் பொடியை எடுக்கக் கூடாது. தூக்க மாத்திரை, மனநல மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் ஜாதிக்காய்ப் பால் குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். யாராவது அதிகமாகத் தின்றுவிட்டால் வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

ஹலாலா, ஹராமா?

இந்தக் கேள்வியும் புதியதல்ல. ஹிஜ்ரி 10-ஆம் நூற்றாண்டிலேயே மக்கா, மதீனாவிலும் எகிப்திலும் இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்து, இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. ஜாதிக்காய் போதை தருவது, ஆகவே விலக்கப்பட்டது என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தமக்கு முன்பிருந்த இமாம் இப்னு தகீக் அல்ஈத் (ரஹ்) அவர்களின் கருத்தையும் எடுத்துக்காட்டினார்கள். அதே ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் ஷிஹாபுத்தீன் அர்ரம்லீ (ரஹ்) அவர்களோ, குறைந்த அளவு கூடும், அதிக அளவு கூடாது என்று பதில் அளித்தார்கள்.

ஹனஃபி மத்ஹபில் இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் மதுபானத்தையும் இத்தகைய திடப்பொருளையும் பிரித்துப் பேசுகிறார்கள். மது துளியும் விலக்கு. இவை போன்ற திடப்பொருளில் போதை தரும் அளவு விலக்கு. பயனுக்கான சிறு அளவு அப்படியல்ல. 1995-இல் குவைத்தின் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கில் மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் சேர்ந்து அமர்ந்து, உணவின் சுவைக்காக மயக்கம் தராத சிறு அளவில் சேர்ப்பதில் குற்றமில்லை என்று பரிந்துரைத்தார்கள்.

ஆகவே பிரியாணியில் போடும் சிட்டிகையைப் பற்றிச் சஞ்சலப்பட வேண்டியதில்லை. பேணுதலுக்காக அதையும் தவிர்ப்பவரைக் கேலி செய்யவும் கூடாது. அவருக்கும் பெரிய இமாம்களின் ஆதாரம் இருக்கிறது. ஆனால் மயக்கத்துக்காகத் தின்பது எந்தக் கருத்தின்படியும் ஹராம்தான். தனிப்பட்ட சூழ்நிலைக்கான தீர்ப்பை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்க அறிஞர்கள் கோடு போட்ட இடமும் மருத்துவர்கள் கோடு போடும் இடமும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு பேரும் அளவைத்தான் பார்க்கிறார்கள்.

ஹஜ், உம்ரா, வளைகுடாப் பயணிகளுக்கு

சவூதி அரேபியாவில் ஜாதிக்காய்க்குக் கட்டுப்பாடு உண்டு. முழுக்காயையோ தனிப் பொடியையோ பெட்டியில் வைக்காதீர்கள். அதைவிட முக்கியம் கசகசா. சவூதி, அமீரகம், கத்தார் போன்ற நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாவுக்கென்று வீட்டில் கட்டிக்கொடுத்த சிறு பொட்டலத்தால் விமான நிலையத்தில் மாட்டி, சிறைவரை போனவர்கள் உண்டு. மகனுக்கோ மருமகனுக்கோ மசாலா கொடுத்தனுப்பும் தாய்மார்கள் இரண்டையும் சேர்க்காமல் அரைத்துக் கொடுங்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

நல்ல ஜாதிக்காய் கனமாக இருக்கும்; ஊசியால் குத்தினாலோ நகத்தால் கீறினாலோ எண்ணெய்ப் பசை தெரியும். லேசாக, துளை விழுந்து, மாவு உதிர்வது பூச்சி அரித்தது, அல்லது எண்ணெயை எடுத்துவிட்ட சக்கை. நீண்ட வடிவில், மணமில்லாமல் இருப்பது காட்டு ஜாதிக்காய். அதன் பத்திரியைத்தான் ராம்பத்திரி, பம்பாய் பத்திரி என்பார்கள். அடர்ந்த சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும்; மணம் இருக்காது. அசல் ஜாதிபத்திரி காய்ந்ததும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிடும். கலப்படத்தில் அதிகம் சேர்ப்பது இந்த ராம்பத்திரியைத்தான்.

ஈரம் பட்டால் ஜாதிக்காயில் பூஞ்சணம் பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதும் போகாது. அதனால் பூஞ்சணம் தெரிந்த காயைத் துடைத்துப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு, மூன்று காய் பல மாதம் வரும். இறுக மூடும் பாட்டிலில், அடுப்புச் சூடு படாத மேல் தட்டில் வையுங்கள்.

சுருக்கமாக

- ஒரு கிலோ அரிசிக்குக் கால் காய்க்கு மேல் வேண்டாம்.
- ஒரு முழுக்காய் ஒரே ஆளுக்கு விஷமாகலாம்.
- கைக்குழந்தைக்கு உரைமருந்து வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.
- வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம்.
- தூக்கத்துக்காகத் தினமும் ஜாதிக்காய்ப் பால் குடிப்பவர், தூக்கம் ஏன் வரவில்லை என்பதற்கு டாக்டரைப் பார்க்கட்டும்.
- வளைகுடாப் பயணத்தில் ஜாதிக்காயும் கசகசாவும் கூடாது.

இந்த இதழைப் படித்தவர்கள், பிள்ளை பெற்ற வீடு பக்கத்தில் இருந்தால் உரைமருந்துப் பகுதியை மட்டுமாவது அங்கே படித்துக் காட்டுங்கள். குறிப்பாக வீட்டின் மூத்த பெண்மணியிடம் மரியாதையோடு சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் அந்த வீடே ஏற்றுக்கொள்ளும். நமக்கு அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைகளை நலமுடன் வளர்க்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்